நடுவில் வெட்டிய தொப்பி

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. இன்றும் அலுவலகத்தில் மீட்டிங் நடந்தால் என் கால் மேசைக்கடியில் ஆடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் இருப்பவர் தன் தண்ணீர் பாட்டிலை மெல்ல நகர்த்தி வைத்துக்கொள்வார். பத்து வயதில் இதே கால்களோடு ஒரு முழு மே மாதம் என்னை வீட்டுக்குள் அடைத்து வைத்தார்கள். அந்த வீடு என்ன பாடு பட்டிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வீடு முதலியார்பேட்டையில், மூடிக் கிடந்த மில்லுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. மில் மூடிய பிறகு அப்பா கடற்கரைப் பக்கம் சுற்றுலா வருகிறவர்களுக்கு சைக்கிளும் ஸ்கூட்டரும் வாடகைக்கு விடுகிற ஒரு கடையில் வேலை பார்த்தார். அம்மா ஒரு கெஸ்ட் ஹவுசில் அறைகளைச் சுத்தம் செய்கிற வேலைக்குப் போனாள். காலை எட்டு மணிக்குள் இருவரும் கிளம்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு வீட்டில் நானும் சித்தியும் மட்டும்தான்.

சித்தி அம்மாவின் தங்கை. அதற்கு முந்தைய வருஷம் வரை அவளும் சித்தப்பாவும் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார்கள். சித்தப்பா தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். ஒருநாள் ஏதோ உதிரி சாமான் வாங்க பைக்கில் கடலூருக்குப் போனவர் வழியில் லாரி மோதி இறந்துபோனார். சித்தி அந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, ஒரு தையல் மிஷினோடும் ஒரு தகரப் பெட்டியோடும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் பிறகு வாசலைத் தாண்டவே இல்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் கொண்டுவந்து கொடுக்கிற ஜாக்கெட்டுகளைக் கூடத்து மூலையில் உட்கார்ந்து தைப்பாள். மத்தியானம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அவள் தூங்குகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மாதம் அம்மாவுக்கு ஒரே கவலைதான். குருசுக்குப்பத்தில் துணிப்பையும் தலையணை உறையும் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒரு சின்னக் கம்பெனியில் மிஷினில் உட்கார ஆள் கேட்டிருந்தார்கள். கெஸ்ட் ஹவுஸ் முதலாளியம்மா சொல்லி வைத்த இடம். மாதம் முடிவதற்குள் நேரில் வந்து தைத்துக் காட்டினால் வேலை, வராவிட்டால் வேறு ஆள் என்று சொல்லிவிட்டார்கள். அம்மா தினமும் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே இன்றைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாயேன் என்பாள். சித்தியும் தினமும் ஒரே பதிலைச் சொல்வாள்.

“வெயில் தாழட்டும்க்கா.”

வெயில் தாழ்ந்ததும் கம்பெனியை மூடிவிடுவார்கள். மறுநாள் மறுபடியும் வெயில் வரும். அது கத்திரி வெயில். அம்மியில் தண்ணீர் தெளித்தால் சொய்யென்று காய்கிற வெயில். சித்திக்கு வெயிலென்றால் பயம் என்று நான் முழுசாக நம்பினேன். எனக்கு அவள்மீது கொஞ்சம் கோபமும் இருந்தது. ஏனென்றால் வெயிலைக் கண்டு பயப்படாத என்னையும் அதே வெயிலைச் சொல்லித்தான் அடைத்து வைத்திருந்தார்கள்.

கறுத்துப்போவாய் என்று அம்மா சொன்னாள். ஏற்கெனவே நான் கறுப்பு. இனிமேல் கறுப்பதற்கு என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்டதற்கு ஒரு குட்டு கிடைத்தது. எங்கே போக வேண்டும் உனக்கு என்று கேட்டாள். வெளியே போக வேண்டும், அவ்வளவுதான். வாசற்படிக்கும் கொல்லைக்கும் ஒருநாளைக்கு எத்தனை தடவை நடந்தேன் என்று எண்ணிப் பார்த்து, நூற்றுக்கு மேல் அதுவும் சலித்து விட்டுவிட்டேன்.

அப்பாவுக்குச் சாப்பாடு கொடுக்க அம்மாவோடு ஒருமுறை கடைக்குப் போனபோதுதான் அந்தத் தொப்பிகளைப் பார்த்தேன். சைக்கிள் எடுக்க வந்த பெண்கள் முறம் அகலத்துக்குத் தொப்பி போட்டிருந்தார்கள். தொப்பியின் நிழல் அவர்களுடைய தோள்வரைக்கும் விழுந்தது. நட்ட நடுப் பகலில், நிழலைத் தங்களோடு எடுத்துக்கொண்டு, எங்கு வேண்டுமானாலும் போனார்கள். எங்கள் பக்கத்தில் தொப்பி என்றால் அடுத்த தெருவில் ஒரு சொல்தா தாத்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், ஜூலை பதினாலாம் தேதி மெடலோடு போட்டுக்கொண்டு கிளம்புவாரே, அது ஒன்றுதான். எனக்கும் ஒரு தொப்பி வேண்டும் என்று அன்று ராத்திரி வரை நச்சரித்தேன். கடைசியில் அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

“தொப்பி ஒன்னு தச்சிப் போட்டுக்கினு எங்க வேணா போய்த் தொலைடி.”

எரிச்சலில் சொன்ன பேச்சு. நான் அதைப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்த மாதிரி எடுத்துக்கொண்டேன்.

துணிக்குக் குறைவில்லை. கெஸ்ட் ஹவுசில் மாற்றிவிட்ட ஜன்னல் திரை ஒன்று, நீலமும் வெள்ளையுமாகக் கோடு போட்டது, எங்கள் வீட்டில் தலையணை மூட்டையைச் சுற்றிக் கிடந்தது. தலை அளவுக்கு நான் பாத்திரங்களைத் தேடினேன். ஒவ்வொன்றாகத் தலையில் கவிழ்த்துப் பார்த்ததில் பால் காய்ச்சுகிற அலுமினியக் குண்டான் கச்சிதமாகப் பொருந்தியது. விளிம்புக்குத் தாம்பாளம். திரையைத் தரையில் விரித்து, நட்ட நடுவில் தாம்பாளத்தை வைத்துச் சாக்பீஸால் கோடு போட்டு வெட்டினேன். சித்தி மிஷினிலிருந்து எட்டிப் பார்த்து, துணியை ஓரத்திலிருந்து வெட்ட வேண்டும், நடுவில் வெட்டினால் மீதித் துணி ஒன்றுக்கும் உதவாது என்றாள். எனக்கு ஓரத்திலிருந்து ஆரம்பிக்கப் பொறுமை இல்லை. நடுவில்தான் இடம் தாராளமாக இருந்தது.

ஊசி இரண்டு உடைந்தது. சித்தி மாற்றிக் கொடுத்தாள். நேர்த் தையல் போட எனக்கு ஏற்கெனவே தெரியும். வட்டமாகப் போடுவதுதான் பெரும்பாடு. மிஷின் ஒரு பக்கம் இழுக்கும், துணி ஒரு பக்கம் போகும், என் கால் இரண்டுக்கும் காத்திருக்காமல் பெடலை மிதிக்கும். எப்படியோ விளிம்பு என்று ஒன்று வந்தது. தலையில் வைத்ததும் நான்கு பக்கமும் தொங்கி மூக்கு, காது எல்லாவற்றையும் மூடிக்கொண்டது. உள்ளே விறைப்பாக ஏதாவது வைத்தால்தான் விளிம்பு நிற்கும் என்று புரிந்தது.

செய்தித்தாள் வைத்தேன், கசங்கியது. கல்யாணப் பத்திரிகைகளைச் சேர்த்து ஒட்டினேன், மடங்கியது. அப்புறம் பேனர் ஞாபகம் வந்தது.

எங்கள் சந்தில் பேனர் இல்லாத வீடு கிடையாது. காதுகுத்தோ மஞ்சள் நீராட்டோ தலைவர் பிறந்தநாளோ, தெருமுனையில் சவுக்குக் கட்டையில் கட்டி நாலு நாள் நிற்கும். அவிழ்த்ததும் யார் கைக்குக் கிடைக்கிறதோ அவர்களுடைய வீட்டுக்குக் கூரையாகவோ பாயாகவோ போய்விடும். எங்கள் குளியலறைத் தடுப்புக்கு மேலே ஏதோ ஒரு குழந்தை காதில் பூத்தோட்டோடு படுத்திருந்தது. மழைக்காலத்தில் விறகு மேல் ஒரு தலைவர் கைகூப்பிக் கிடப்பார். எனக்குப் பேனர் என்பது தண்ணீர் புகாத துணி, வேறொன்றும் இல்லை.

பரணில் ஒன்று இருந்தது. ஸ்டூல் மேல் ஏறி, பொங்கல் பானைகளுக்குப் பின்னால் கைவிட்டு இழுத்தேன். வெள்ளைப் பின்பக்கம் வெளியே தெரிய நாலாக மடித்து, புடவைக் கரையைக் கிழித்து முடிச்சுப் போட்டுக் கட்டி வைத்திருந்தது. அவ்வளவு பதவிசாகக் கட்டி வைத்த பேனரை நான் அதுவரை பார்த்ததில்லை. அங்கேயே நான் யோசித்திருக்க வேண்டும். ஆனால் சித்தி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள், அம்மா வர மூன்று மணி நேரம் இருந்தது, என் கையில் கத்தரிக்கோல் இருந்தது. கொல்லையில் வெள்ளைப் பக்கம் மேலே தெரிய விரித்தேன். தாம்பாளத்தை வைத்தேன், வழக்கம்போல நட்ட நடுவில். வெளிவட்டம் வெட்டி, குண்டானை வைத்து உள்வட்டமும் வெட்டி, எடுத்துத் திருப்பினேன்.

உள்வட்டத்துக்குள் சித்தப்பா கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு சிரித்தார். வெளிவட்டத்தில் அவருடைய நெற்றியும் முடியும் இரண்டு காதும் சட்டைக் காலரும் இருந்தன.

அவர் இறந்தபோது நண்பர்கள் தெருமுனைக் குழாயடியில் கட்டிய கண்ணீர் அஞ்சலி பேனர் அது. ஒரு மாதம் அங்கே நின்றது. யாரோ ஒருவருடைய கல்யாணத்தில் எடுத்த படம் என்பதால் அவர் மிகவும் சந்தோஷமாக இருந்தார். கீழே வரிசையாக நண்பர்களும் கூலிங் கிளாஸ் போட்டு நின்றிருந்தார்கள். அதை அவிழ்த்த அன்று அம்மா போய் வாங்கிவந்தாள் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். அப்புறம் அது எங்கே போனது என்று நான் கேட்கவும் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை, அவசரம்தான் வந்தது. மீதிப் பேனரை அதே மாதிரி மடித்து, அதே முடிச்சைப் போட்டுப் பரணில் தள்ளினேன். வெட்டிய துண்டுகளை வீட்டில் எங்கே ஒளித்தாலும் அம்மா கண்டுபிடித்துவிடுவாள். ஒளிக்க ஒரே இடம்தான் இருந்தது. வெளிவட்டத்தை விளிம்புத் துணிகள் இரண்டுக்கும் நடுவில் செருகித் தைத்தேன். கூலிங் கிளாஸ் வட்டத்தைத் தொப்பியின் உச்சிக்குள் வைத்துத் தைத்தேன். பேனரில் ஊசி சிக்காமல் இருக்க மெழுகுவத்தியைத் தேய்த்துத் தேய்த்து மிஷினை ஓட்டினேன், சித்தி சுவரைப் பார்த்தபடியே கிடந்தாள். சாயந்திரம் அம்மா வருவதற்குள் சித்தப்பா முழுசாகத் தொப்பிக்குள் போய்விட்டார்.

விளிம்பு நன்றாக நின்றது. ஆனால் குண்டான் கணக்கு தப்பாகிவிட்டது. வட்டத்தின் உள்ளே அரை அங்குலம் விட்டுத் தைத்தால் ஓட்டை சுற்றளவில் மூன்று அங்குலம் பெருத்துவிடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. தலையில் வைத்தேன், நேராக மூக்கில் வந்து நின்றது. அம்மா சிரி சிரியென்று சிரித்தாள். அப்பா தொப்பியைத் தூக்கி உள்ளே என்னைத் தேடுவதுபோல் செய்தார். நான் சிரிக்கவில்லை. தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே சாப்பிட்டேன். ஃபேன் காற்றில் விளிம்பு லேசாகப் படபடத்தபோதெல்லாம் இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

மறுநாள் அம்மாவும் அப்பாவும் கிளம்பிய பிறகு சித்தி கையை நீட்டினாள். கொடு, பிரித்து உன் அளவுக்குச் சின்னதாக்கித் தருகிறேன் என்றாள். வேண்டாம், பெரிதாக இருப்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது என்றேன். பொய் சொல்கிறபோது என் கால் இன்னும் வேகமாக ஆடும், அது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சமாசாரம். சித்தி என் காலைப் பார்த்தாள். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, பாதி பிளேடால் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

நான் வாசலுக்குப் போனேன், கொல்லைக்குப் போனேன், மறுபடி வாசலுக்கு வந்தேன். ஒவ்வொரு நூலாக அறுகிற சத்தம் கேட்டது. ஓடிவிடலாம் என்றால் வெளியே போகத் தொப்பி வேண்டும். அந்தத் தொப்பி அவள் மடியில் இருந்தது. பிறகு சத்தம் நின்றுவிட்டது.

உச்சித் துணியைத் தூக்கிப் பிடித்தபடி சித்தி குனிந்து உட்கார்ந்திருந்தாள். முகம் தெரியவில்லை. நான் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடி விழும், அம்மா வந்ததும் இன்னும் விழும், சித்தி அழுவாள், அதைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று வரிசையாக எதிர்பார்த்தேன். எதுவும் நடக்கவில்லை. அவள் விரலை உள்ளே விட்டு, கூலிங் கிளாஸ் மேல் ஒட்டியிருந்த மெழுகுத் துணுக்கை நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

“பரண்லேர்ந்து எடுத்தியா?”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

“நடுவுல வெட்டாதன்னு சொன்னேன் இல்ல.”

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு பிரித்ததை மறுபடி வைத்துத் தைத்தாள். சின்னதாக்கவில்லை. உச்சியைச் சுற்றி இரண்டு தையல் போட்டாள். விளிம்பில் ஒரு விரல் இடைவெளிவிட்டு ஒரு சுற்று, அதற்குள் இன்னொரு சுற்று, அதற்குள் இன்னொன்று என்று போட்டுக்கொண்டே போனாள். நீல நூல் தீர்ந்ததும் வெள்ளை நூல் கோத்துக்கொண்டாள். அவள் கையில் துணி வட்டமாகத் தானே திரும்பியது. நான் ஓரிடத்தில் அவ்வளவு நேரம் அசையாமல் நின்றது அதுவரைக்கும் கிடையாது, அதற்குப் பிறகும் கிடையாது. அன்று அவள் மத்தியானம் படுக்கவும் இல்லை. அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

அதற்கு அடுத்த நாள், காலை பதினொரு மணி இருக்கும். நான் தொப்பியைத் தேடினேன். சித்தி அதை முகம் பார்க்கிற கண்ணாடியின் முன்னால் நின்று போட்டுக்கொண்டிருந்தாள். இஸ்திரி போட்ட புடவை, கையில் ஒரு மஞ்சப்பை, பைக்குள் அவள் தைத்த இரண்டு ஜாக்கெட். எனக்குப் பகீரென்றது.

“அது என்னுது சித்தி.”

“உனக்குப் பெருசுடி. எனக்கு சரியா இருக்கு.”

வெயில் அடிக்கிறதே என்றேன். அந்த வீட்டில் எல்லோரும் எனக்குச் சொன்ன ஒரே காரணத்தை நான் அவளுக்குச் சொன்னேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டே, அதுக்குத்தானே தொப்பி என்றாள். கதவை உள்பக்கம் தாழ் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டாள்.

நான் தாழ் போடவில்லை. செருப்புக்கூட இல்லாமல் பின்னால் ஓடினேன். சிமெண்டுத் தரை உள்ளங்காலைப் பொசுக்கியது. ஒரு வீட்டு நிழலில் இருந்து அடுத்த வீட்டு நிழலுக்குத் தாவினேன். என் திரை, என் தாம்பாளம், நான் உடைத்த இரண்டு ஊசி, நான் பட்ட பயம் எல்லாம் அவள் தலையில் போய்க்கொண்டிருந்தது. எதிர்வீட்டு அத்தை வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எங்கள் சந்தில் அவளுக்குத் தெரியாமல் ஒரு பூனை போக முடியாது. சித்தி வாசலில் தலைகாட்டினால் முதலில் கையைப் பிடித்துக்கொண்டு, எப்படி இருந்த பொண்ணு என்று ஆரம்பிப்பதும் அவள்தான். மற்றவர்களும் வந்து சேர்ந்துகொள்வார்கள். சித்தியின் முகவாயைத் தொட்டு நிமிர்த்திப் பார்ப்பார்கள். ஊரே அவள்மீது பாசமாக இருக்கிறது, என் கையை ஒருவரும் பிடிப்பதில்லையே என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

அத்தை தொப்பியைத்தான் பார்த்தாள். சித்தி கடந்து போன பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

“யாருடி அது? உங்கம்மா வேலை செய்ற எடத்துலேர்ந்து யாருனா வந்தாங்களா?”

எனக்கு இருந்த கோபத்தில் தெரியாது என்று சொல்லிவிட்டு ஓடினேன். சித்திக்கு நான் செய்த ஒரே உபகாரம் அதுவாகத்தான் இருக்கும். அதையும் கோபத்தில்தான் செய்தேன்.

அன்று அவளுக்கு வேலை கிடைத்தது. ஒன்பது வருஷம் அங்கே தைத்தாள், பிறகு சொந்தமாக இரண்டு மிஷின் போட்டாள். தொப்பி எனக்குத் திரும்பி வரவே இல்லை. பேனரை வெட்டியதற்கு அதுதான் தண்டனை என்று நான் நினைத்துக்கொண்டேன். அடியைவிடப் பரவாயில்லை என்று சமாதானமும் செய்துகொண்டேன். வெயிலுக்குப் பயந்தவள் தொப்பி கிடைத்ததும் வெளியே போனாள், இதில் புரிய என்ன இருக்கிறது என்றுதான் பல வருஷம் இருந்தேன். துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டு, கண் மட்டும் தெரிய, தெரிந்தவர்கள் இருக்கிற தெருவை ஸ்கூட்டியில் கடந்துபோக வேண்டிய ஒரு காலம் எனக்கும் வந்தது. அப்போதுதான் அந்தக் குழாயடி ஞாபகத்துக்கு வந்தது.

அன்று தெருமுனைவரை அவள் பின்னால் ஓடியிருந்தேன். சித்தப்பாவைக் கட்டியிருந்த அதே இரண்டு சவுக்குக் கட்டையில் அன்றைக்கு வேறு யார் வீட்டு மஞ்சள் நீராட்டோ தொங்கியது. குழாயடியில் நாலைந்து பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள். சித்தி அவர்களுக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றாள். ஒரு கையால் விளிம்பை முகத்தின் மேல் தாழ்த்தினாள். இன்னொரு கையைத் தூக்கி, உள்ளங்கையைத் தொப்பியின் உச்சியில் வைத்து அழுத்திக்கொண்டாள். அப்படியே, கையை எடுக்காமல், பஸ் ரோடு வரைக்கும் நடந்து போனாள்.

காற்றில் பறந்துவிடாமல் இருக்கப் பிடித்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்தேன். கடல்காற்று ஏற இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. கட்டையில் தொங்கிய பேனர்கூட அசையவில்லை.